பூசணி பூத்த காலை

காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியில் யாரும் வாய்க்கு வந்தபடி பேசுவதில்லை. அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு செவிப்பெட்டி விளக்கைப் போட்டுக்கொண்டு காது கொடுக்கும். குடும்பத் தலைவர் அதன் முன்னால் நின்று ஈரமானியின் அளவைச் சொல்ல வேண்டும், சுவர்களின் நிலையைச் சொல்ல வேண்டும், யாருக்காவது இருமல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். "ஈரம் அறுபத்திரண்டு. சுவர் சுத்தம். இருமல் இல்லை." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவது வம்பை விலைக்கு வாங்குவது என்று எல்லாருக்கும் தெரியும்.

மழைக்காலம் ஒன்பது மாதமாக நீண்டு முப்பத்தாறு வருடம் ஆகிறது. சுவரில் முளைத்த கரும்பூசணம் மனிதர்களின் நெஞ்சுக்குள்ளும் முளைக்கக் கற்றுக்கொண்ட பிறகு காற்றுத்துறை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். நான் அதில் சுவர்ப் பரிசோதகர். பெயர் வாகினி. சென்னையில் படித்துவிட்டு வந்து, பதினோரு வருடமாக இந்த ஊரில் அடுத்தவர் வீட்டு பீரோவை நகர்த்திப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். என்னை யாருக்கும் பிடிக்காது. அதற்காக நான் சாப்பிடாமல் இருந்ததும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழு பத்துக்குக் கைபேசி அலறியது. 'வீட்டில் பூசணம் பூத்திருப்பதாகக் குடும்பத் தலைவரே அறிவித்துள்ளார். அடைப்பு வண்டி நாற்பது நிமிடத்தில் வந்து சேரும்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடத்தில் ஒருவரும் தானாக முன்வந்து இதை அறிவித்ததில்லை. அறிவிக்கவும் மாட்டார்கள். அடைப்பு வண்டி வந்தால் வீட்டுக்குள் நச்சுப்புகையை நிரப்பித் தொண்ணூறு நாள் சீல் வைத்துவிடுவார்கள். வீட்டு ஆட்கள் உலர்முகாமுக்குப் போவார்கள். அவர்களில் இருமுகிறவர் தனிவார்டுக்குப் போவார். சுத்தமான வீட்டில் இருமினால் மருத்துவர் வருவார்; கறைபட்ட வீட்டில் இருமினால் தனிவார்டு. அங்கே நெஞ்சுப் பூசணம் உள்ளவர்களோடு ஒரே கூடத்தில் படுக்க வைப்பார்கள். வெறும் சளியோடு போனவருக்கும் இரண்டே நாளில் அது ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழு இருபத்திரண்டு. கதவைத் திறந்தவள் சுகிர்தம். அவளுக்குப் பின்னால் அவள் கணவர் வேதமாணிக்கம் நின்றிருந்தார். மேல்நிலைப்பள்ளியில் தமிழாசிரியர். கண் இரண்டும் சிவந்திருந்தன. வாயில் பனங்கற்கண்டை அதக்கிக்கொண்டு, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. மனுஷர் இருமலை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

"பெட்டிகிட்ட என்ன சார் சொன்னீங்க?" என்றேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை. சுகிர்தம்தான் பேசினாள். "மாடியில பூசணி பூத்திருக்கு மேடம். மூணு வருசமா வெதையப் போட்டுப் போட்டு, இன்னைக்குத்தான் மொதப் பூ. அந்தச் சந்தோசத்துல பெட்டிகிட்டயே சொல்லிட்டாவ, பூசணி பூத்திருக்குன்னு. அது பூசணம்னு எடுத்துக்கிட்டு உடனே சிவப்பு வெளக்கப் போட்டுட்டு. இவுகளுக்கு ராத்திரியில இருந்து சளி. அதச் சொல்லக்கூட அது நேரம் குடுக்கல."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உங்க சந்தோஷத்தைச் சொல்ல வேற ஆளே கிடைக்கலையா சார்?"

தவறாகக் காதில் விழுந்துவிட்டது என்று பெட்டியிடம் வாதாட முடியாது. பரிசோதகர் நேரில் பார்த்துப் படிவம் போட வேண்டும். பூசணம்: உண்டு அல்லது இல்லை. அதன் பிறகு குடும்பத் தலைவர் தன் குரலில் அதை உறுதி செய்ய வேண்டும். குரலில் பொய் இருந்தால் பெட்டி கண்டுபிடித்துவிடும். இரண்டும் வண்டி வருவதற்குள் முடிய வேண்டும்.

பீரோவை நகர்த்தினேன். பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை படர்ந்திருந்தது. பூசணமானியைக் காட்டினேன். எண்பத்தெட்டு சதவீதம் பூசணம் என்றது. சுகிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பையிலிருந்து தண்ணீர்க் குப்பியை எடுத்து இரண்டு முறை அடித்தேன். வெள்ளை கரைந்து வழிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். துறையில் யாருக்காவது தெரிந்தால் என் வேலை போய்விடும்.

"உப்பு. கடல்காத்துக்குச் சுவர் உப்புப் பூத்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"பூத்திருக்குங்குற வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க மேடம்" என்று சுகிர்தம் அணைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தபடி கிசுகிசுத்தாள்.

மாடிக்குப் போனோம். தகரக் கூரைக்குக் கீழே, உடைந்த பிளாஸ்டிக் டிரம்மில் இருந்து கொடி இறங்கிக் கிடந்தது. நடுவில் அந்தப் பூ. நல்ல மஞ்சள். மழை இருட்டில் அதைப் பார்த்ததும் எனக்கே மனசு இளகியது. இலைகளில் நரம்போரம் வெள்ளித் திட்டுகள் இருந்தன. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். வரவில்லை. அது இலையின் நிறமே. சில பூசணி ரகங்கள் அப்படித்தான் இருக்கும். அப்பாடா என்று நிமிர்ந்தபோது அடியில் ஒரு முதிர்ந்த இலை கண்ணில் பட்டது. அதையும் தேய்த்தேன். மாவு போல வெள்ளைப் பொடி விரலோடு வந்தது.

மூன்று பேரும் என் விரலையே பார்த்தோம். ஏழு முப்பத்தெட்டு.

"நான் இல்லைன்னு போடப்போறேன்" என்றேன். "நீங்களும் அதையே சொல்லணும் சார்."

வேதமாணிக்கம் கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முதல் முறையாக வாயைத் திறந்தார். "இருக்கே மேடம். கையில ஒட்டியிருக்கே. இத வச்சுக்கிட்டு இல்லைன்னு எப்படிச் சொல்ல? எனக்குப் பொய் வராது. வாயத் தொறந்தாலே கொரல் நடுங்கிரும். பெறவு இருமலும் வந்துரும்."

நல்ல நேரம் பார்த்துத்தான் இவருக்கு அரிச்சந்திர வேஷம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. அந்தக் குரலைப் பெட்டி நம்பாது.

"சார், இது பொய் இல்ல. கேளுங்க. இலையில வர்றது உயிருள்ள இலையைத் தின்னு மட்டும்தான் வாழும். பூசணியில வர்றது பூசணி, வெள்ளரின்னு அந்த வகைக் கொடிக்குத்தான் தாவும். சுவத்துல பிடிக்காது, நெஞ்சுலயும் பிடிக்காது. சுவத்துல வர்றது வேற ஜென்மம். அதுக்கு ஈரமும் தூசியும் இருந்தாப் போதும்."

"பெறவு ரெண்டுக்கும் ஏன் ஒரே பேரு?"

"படிவத்துல ஒரே கட்டம்தான் சார் இருக்கு."

"இது உங்களுக்கு எப்படி உறுதியாத் தெரியும்?"

"போன வருஷம், அடைச்சு வச்ச ஒரு வீட்டைத் திறக்கப் போனேன். வாசல்ல அவரைக்கொடி வெள்ளை வெள்ளையாப் படர்ந்து கிடந்துச்சு. அது சாஞ்சிருந்த வெளிச்சுவத்துக்குப் புகையே போடல. ஆனாலும் அதுல ஒரு பொட்டு இல்ல. பொடியை எடுத்துட்டுப் போய் லேப்ல குடுத்தேன். இது வேறன்னு எழுதிக் குடுத்தாங்க. மேல அனுப்பினேன். இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல."

சுகிர்தம் குனிந்து அந்த இலையைத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு வேற பேரு இருக்கே. எங்க அப்பா இதச் சாம்பல்னுதான் சொல்லுவாவ. கொடியில சாம்பல் அடிச்சிருக்கு, மோரத் தெளின்னு சொல்லுவாவ. பூசணம்னு ஒருநாளும் சொன்னதில்ல. எங்க பக்கம் வெவசாயம் பாக்குற சம்சாரி ஒருத்தரும் சொல்ல மாட்டாவ."

"சாம்பல்" என்று வேதமாணிக்கம் சொல்லிப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப இது சாம்பல் நோயி. பூசணம் இல்ல. இல்லவே இல்ல." தமிழாசிரியருக்கு ஒரு சரியான சொல் கிடைத்தால் போதும்போல.

செடி விஷயத்தில் அந்தச் சொல்லை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன். யோசிக்க நேரமில்லை. தெருக்கோடியில் வண்டியின் ஊதல் கேட்டுவிட்டது.

படி இறங்கி ஓடினோம். 'இல்லை' என்பதை அழுத்தினேன். பெட்டியில் விளக்கு வந்தது. வேதமாணிக்கம் கற்கண்டைத் துப்பிவிட்டு அதன் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"என் வீட்டில் பூசணம் இல்லை. சுவர் சுத்தம்." குரல் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல அசையாமல் வந்தது. வாசலில் வண்டியின் கதவு திறக்கும் சத்தம். பூட்ஸ் கால்கள் படியேறின. சுகிர்தம் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். வலித்தது. நான் கையை இழுக்கவில்லை.

விளக்கு பச்சையாக மாறியது.

"எனக்கு இருமல் உண்டு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அது வெடித்துக் கிளம்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வயிறு குலுங்க இருமினார். பெட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாளை மருத்துவர் வருவார் என்றது. வெளியே பூட்ஸ் கால்கள் திரும்பிப் போயின.

சுகிர்தம் என் கையை விட்டாள். அழுதாள், சிரித்தாள், அவருக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். வாசல் வரைக்கும் கூடவே வந்தாள்.

"மேடம், நீங்க சொன்ன அந்த அவரைக்கொடி வீடு. அது கோயில்பிள்ளை தெருவா?"

"ஆமா."

"அது எங்க அக்கா வீடு. ஜெபக்கனி. தனிவார்டுல ஒம்பதாம் நாளு போயிட்டா." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளையைப் போல எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "அப்பா கூடத் தோட்டத்துக்குப் போனவளே அவதான். அது சாம்பல்னு அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பரிசோதிக்க வந்தவங்ககிட்ட சொல்லியிருப்பாளே!"

தெரியாது என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியிருக்கலாம். அவளுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. இப்போதுதானே அவள் புருஷனைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

"சொன்னாங்க" என்றேன். "சாம்பல்தாம்மா, தொடச்சாப் போயிரும்னு சொன்னாங்க. எனக்கு அந்த வார்த்தை தெரியாது. அடுப்புச் சாம்பலை எதுக்கு இலையில கொட்டினீங்கன்னு கேட்டுட்டு, உண்டுன்னு போட்டேன்."

உள்ளே வேதமாணிக்கம் இன்னும் இருமிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு இருமலே கிடையாதே மேடம்" என்றாள் சுகிர்தம். "பெறவு எப்படித் தனிவார்டுக்கு?"

"வீட்டை விட்டு இறங்கும்போது அழுதாங்க" என்றேன். "அழுததுல இருமல் வந்துருச்சு."