ரொட்டி வண்டியில் ஒரு வயலின்

ரயில் நிலைய அதிகாரியின் மகளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. அதனால் ஊரே அவளைக் ‘காத்தாடி’ என்றுதான் கூப்பிடும்.

அன்று காலை, அந்தச் சின்ன ஊரில் ஒருநாளும் நிற்காத விரைவு ரயில் புஸ்ஸென்று வந்து நின்றுவிட்டது. காத்தாடிக்குத் தலைகால் புரியவில்லை. திருவிழாக் கூட்டம் மாதிரி எத்தனை புது முகங்கள்!

“இன்ஜின் கோளாறு. ரெண்டு மணி நேரமாகும்” என்றார் அப்பா.

பெஞ்சில் ஒரு சிறுமி வயலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். பக்கத்தில் அவள் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“ஏன் அழறே?”

“பதினோரு மணிக்கு நகரத்துல போட்டி. ஒரு வருஷமா பழகினேன்.”

காத்தாடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது இருபத்தைந்து!

“பேக்கரி மாமாவோட ரொட்டி வண்டி ஒன்பதரைக்கு நகரத்துக்குக் கிளம்பும். ஒரு மணி நேரத்துல போயிடலாம். வாங்க! அப்பா, இவங்களை மாமாகிட்ட கூட்டிட்டுப் போறேன்!”

“பாத்துப் போம்மா!”

தெருவைச் சுற்றினால் நேரமாகும். தையற்கடைக்குள் புகுந்தாள் காத்தாடி.

“அக்கா, குறுக்கே போறோம்!”

“போ, போ! துணியை மிதிச்சே, தொலைச்சுடுவேன்!”

பின்வாசல் வழியாக வெளியேறி, வாய்க்கால் பாலத்துக்கு மூச்சிரைக்க வந்தார்கள். எதிர்க்கரையில் ரொட்டி வண்டி அப்போதுதான் நகர்ந்தது.

“மாமா! மாமா!”

மாமா சிரித்தபடி கையை ஆட்டிவிட்டு வண்டியை ஓட்டினார்.

“அய்யோ, தினமும் இப்படித்தான் எல்லாரும் கூப்பிடுவோம். சும்மா கூப்பிடறோம்னு நினைச்சுட்டார்!” காத்தாடி தலையில் அடித்துக்கொண்டாள். சட்டென்று திரும்பினாள். “நீ வாசி!”

“இங்கேயா?”

“இங்கேயேதான்! சீக்கிரம்!”

சிறுமி பெட்டியைத் திறந்து வயலினையும் வில்லையும் எடுத்தாள். முதல் இழுப்பு கீச்சிட்டது. அடுத்தது வாய்க்கால் நெடுக ஓடியது. சன்னல்கள் படபடவென்று திறந்தன. ரொட்டி வண்டி கிறீச்சென்று நின்றது. மாமாவின் தலை வெளியே நீண்டது.

“யாருப்பா அது, நம்ம ஊர்ல வயலின் வாசிக்கிறது?”

மறு நிமிடம் தாயும் மகளும் வண்டியில் இருந்தார்கள்.

மாலையில் மாமா திரும்பியதும் காத்தாடி பாய்ந்து ஓடினாள்.

“என்ன மாமா ஆச்சு?”

“ரெண்டாம் பரிசு! அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம ஊரைச் சுத்திப் பாக்க வர்றாளாம்.”

“ஒரே நாளா? எப்படிப் போதும்?” என்று குதித்தாள் காத்தாடி. “சனிக்கிழமையே வரச் சொல்லுங்க!”