கண்ணாடியில் படியாத மூச்சு

ருக்ஸா மூன்றாம் முறை ஊதியும் டிராம் கண்ணாடியில் ஆவி படியவில்லை. பக்கத்திலேயே திபி ஊதிய இடம் வட்டமாக வெளுத்திருந்தது. அதில் மீசை வைத்த பூனை ஒன்றை வரைந்து, கீழே ருக்ஸா என்று பெயரும் எழுதிவிட்டான்.

"ஏன்டி, மூச்சுக்குமா பஞ்சம் உனக்கு?"

"போடா. குளிருது, சும்மா இரு."

எதிர் இருக்கையில் இருந்த இலின்காவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அதைக் கவனித்தாள். மார்ச் மாதச் சாயங்காலம், சூடேற்றி வேலை செய்யாத ஓட்டை டிராம், பேசுகிற அத்தனை பேர் வாயிலிருந்தும் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. ருக்ஸா இப்போது பேசினாளே, அவள் வாயிலிருந்து ஏன் வரவில்லை?

மூவரும் வடக்கே மலையோரத்து வத்ரா டோர்னெய்க்காரர்கள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தலைநகரைப் பார்த்தே தீர்வது என்று மூன்று மாதமாகத் திட்டம் போட்டு, காலையில் புகாரெஸ்டில் வந்து இறங்கி, பகலெல்லாம் கால் தேய நடந்தாயிற்று. ருக்ஸாவின் அம்மா லேசில் விடவில்லை. "நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி, முழுசாக் கொண்டுவந்து சேர்க்கறேன்" என்று இலின்காதான் கையில் அடித்துச் சத்தியம் செய்து கூட்டி வந்தாள்.

டிராம் வளைவில் கிறீச்சிட்டது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. முதலில் டீசல். பிறகு மட்டமான சிகரெட். அதற்கும் அடியில், பனி உருகும் காலத்தில் கரையோரம் நின்றால் அடிக்குமே, அந்த ஆற்றுச் சேற்றின் குளிர்ந்த நாற்றம். பின் இருக்கையிலிருந்து ஏதோ சொட்டுகிற சத்தமும் கேட்டது. நனைந்த குடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்க மட்டும் ஏனோ மனம் வரவில்லை.

"இந்தப் படத்தைப் பாரு, பக்தி சொட்டுது!" திபி கைப்பேசியை இலின்காவின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

அரை மணிநேரத்துக்கு முன் எடுத்தது. அடுக்குமாடிகளின் முதுகுப்புறம் ஒளிந்திருந்த சின்னஞ்சிறு தேவாலயம். மழைக்கு ஒதுங்கிய இடத்தில், அம்மா சொல்லியனுப்பியது ஞாபகம் வந்து நாலு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றியிருந்தாள். முற்றத்துத் தகரக் கூரைக்கடியில் இரண்டு இரும்புத் தட்டுகள், அடியில் தண்ணீரும் மணலும். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று. நடக்கப் பழகிய வயதிலிருந்து வைத்து வைத்துப் பழகிய கை; ஊர் தேவாலயத்தில் இடது பக்கம் உயிருள்ளவர்களுக்கு. அதே பழக்கத்தில் இடது பக்கம் மூன்றை நட்டாள், பெயர் சொல்லிச் சொல்லி. ருக்ஸா. திபி. நான். வலது பக்கம் ஒன்று, அப்பாவுக்கு.

படத்தில், இடது தட்டில் நட்டுக்கொண்டிருந்த அவள் கைக்கு மேலே, கரி படிந்த தகரத்தில், எழுத்து தெளிவாகத் தெரிந்தது. இறந்தவர்களுக்கு.

அப்படியானால் இலின்கா அப்பாவை வைத்தது உயிருள்ளவர்கள் பக்கம். அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். ஆறு வருஷத்துக்கு முன் பாலத்திலிருந்து லாரியோடு பிஸ்திரிட்சா ஆற்றில் விழுந்து, பனிக்கட்டிக்கு அடியில் போய், மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தார். சவப்பெட்டியைத் திறக்கவே இல்லை. கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், ஒருதடவை முகத்தைக் காட்ட ஒருவரும் சம்மதிக்கவில்லை.

பின் இருக்கையில் யாரோ தீக்குச்சி உரசினார்கள். நனைந்த குச்சி. பற்றவில்லை.

"இறங்கணும். திரும்பிப் போகணும்."

"எங்க?"

"மெழுகுவத்தியை மாத்தி வச்சிட்டேன் திபி. நம்ம மூணு பேரையும் செத்தவங்க பக்கம் வச்சிட்டேன்."

"அட லூசு! அதுக்கா இப்படி வெளிறிப் போயிட்டே?" திபி சிரித்தபடி ருக்ஸாவின் தோளை உலுக்கினான். "நீயாவது சொல்லுடி."

ருக்ஸாவின் தலை கண்ணாடியில் சாய்ந்து கிடந்தது. "தூக்கமா வருது" என்றாள். உதடு நீலம். திபியின் சிரிப்பு நின்றது. அவளை எழுப்பி உட்காரவைக்கப் பார்த்தான், அவள் துவண்டாள். "இவளை நான் பாத்துக்கறேன். நீ ஓடு" என்றான்.

அதைச் சொன்னபோது அவன் வாயிலிருந்தும் புகை வரவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினாள். மழை விட்டிருந்தது, நடைபாதை முழுக்கக் குட்டை. அவள் காலடி தட் தட் என்று விழ, அதற்குப் பின்னால் இன்னொரு காலடி, பூட்ஸுக்குள் தண்ணீர் புளிச் புளிச் என்று. அவள் நின்றால் நின்றது. சந்து. குப்பைத்தொட்டி. தகரக் கூரை. அப்பாடா, இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

மெழுகுவர்த்தி விற்கும் அம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"மாத்தி வச்சிட்டேன்மா! உயிரோட இருக்கறவங்களை இந்தப் பக்கம்..."

அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "செத்தவங்க யாராச்சும் அந்தப் பக்கமா?"

"எங்கப்பா."

"முதல்ல அவரை எடு. அவர் அங்க நிக்கற வரைக்கும் இவங்களுக்கு இடம் இல்ல. சீக்கிரம் எடு பொண்ணே..." அவள் பார்வை இலின்காவின் தோளைத் தாண்டிப் போயிற்று. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

மூன்று சுடரும் விரற்கடை உயரம்கூட இல்லை. ருக்ஸாவுடையது தண்ணீரை நோக்கிச் சாய்ந்திருந்தது. அப்பாவுடையது மட்டும் வைத்த உயரத்தில் அப்படியே நின்றது. ஒரு சொட்டு உருகவில்லை.

பிடித்தாள். இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"பாத்துக் குட்டிம்மா. கை சுட்டுக்கப் போற."

அந்தக் குரல். அந்தப் பெயர். அப்படி அவளைக் கூப்பிட உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

கைப்பேசி அதிர்ந்தது. "இலின்கா..." திபி. ஆழத்திலிருந்து வருகிற குரல். "ருக்ஸா கண்ணு தொறந்துதான் இருக்கு. ஆனா... எனக்கும்... சீக்கிரம்டி."

இழு. இழுத்துவிடு. ஆன்ட்டியிடம் சொன்ன சொல். இழு.

இழுத்தால் அவர் திரும்ப அந்தத் தண்ணீருக்குள் போவார். முகத்தைக்கூடப் பார்க்காமல் இன்னொரு முறை அனுப்புவதா?

"ஒரு நிமிஷம் திபி," என்றாள், அழுதுகொண்டே. "ஒரே ஒரு நிமிஷம்."

கையை எடுத்தாள். திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் சுர் என்றது.

அப்பாதான். காலையில் லாரிக்குக் கிளம்புகிற அதே முகம். அதே சட்டை. காலடியில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

சுர்.

காதில் திபியின் குரல் இல்லை. டிராம் ஓடுகிற சத்தம் மட்டும்.

"ரொம்பக் குளிருச்சு குட்டிம்மா," என்றார் அப்பா, கைகளை விரித்து. "இப்பப் பரவாயில்ல."

அவர் வாயிலிருந்து மூச்சு வெள்ளை வெளேரென்று எழும்பியது.

அப்பா என்று கூப்பிட அவளும் வாயைத் திறந்தாள். அவள் வாய்க்கு முன்னால், அந்தக் குளிரில், ஒன்றுமே இல்லை.