நழுவின சத்தம்

குடியிருப்புச் சங்கச் செகரட்டரியோட வாய் மொதல்ல அசைஞ்சுது. சத்தம் கொஞ்சம் பின்னால வந்துச்சு.

"என்ன சார், இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க?"

பினாயில் வாடையும் ஈரச் சுவத்து வாடையும் கலந்து அடிக்கிற அந்த மாடிப்படியோட அரை இருட்டுல, செகரட்டரி உதட்டை மூடி, மீசையை ஒருதரம் தடவி முடிச்சதுக்கு அப்புறம்தான் அந்த "வந்துட்டீங்க" அவன் காதுல விழுந்துச்சு. வேற யாரா இருந்தாலும் கவனிச்சிருக்க மாட்டாங்க. அவன் டிவி சீரியலுக்குச் சத்தம் சேர்க்கிறவன். வாயையும் குரலையும் ஒட்டி ஒட்டியே கண்ணு பூத்துப்போனவன். நாள் பூரா ஹெட்போன் மாட்டின கோளாறுன்னு தனக்குள்ள சொல்லிக்கிட்டு, "ஆமா சார்"னு உடனே சொன்னான். இங்க இப்போ எதுக்கும் உடனே பதில் சொல்லியாகணும்.

எல்லாத்துக்கும் காரணம் அவன் வேலை பாக்குற சீரியல்தான். வேற கிரகத்துல இருந்து வந்தவங்க மனுஷ முகத்தை மாட்டிக்கிட்டு நம்ம நடுவுல வாழுறாங்கன்னு கதை. ஒருநாள் எபிசோடை அவசரமா அனுப்புறப்போ ஒரு நடிகையோட குரல் மட்டும் நழுவிடுச்சு. வாய் முன்னால, சத்தம் பின்னால. அவன் பண்ணின தப்பு. வேலை போச்சுன்னு நினைச்சான். பாத்தவங்க என்னடான்னா, "கண்டுபிடிச்சிட்டோம், அவதான் வந்தவ"ன்னு போன் மேல போன் போட்டாங்க. டைரக்டர் அவன் முதுகுல தட்டி, "தப்புன்னு வெளியில சொன்னே, தொலைச்சிடுவேன். இனிமே அதான் அடையாளம்"னு சிரிச்சாரு.

சீரியலோட நின்னிருந்தா பரவாயில்ல. ஒரு தலைவர் மேடையில மைக்கைப் புடிச்சு, "நாம கேட்டா சில பேர் ஏன் யோசிச்சு யோசிச்சு பதில் சொல்றாங்க? சீரியல் பாக்குற உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேட்டாரு. கைத்தட்டல் அடங்க நேரமாச்சு. அன்னையில இருந்து யோசிக்கிறவன் எல்லாம் வந்தவன். மூளைன்னு ஒண்ணு இருந்தா அது வேலை செய்யக் கொஞ்சம் நேரம் புடிக்குமே, அந்த நேரம்தான் குத்தம்.

கீழ்வீட்டு வாத்தியாரை அப்படித்தான் வேன்ல ஏத்திட்டுப் போனாங்க. "நீங்க யார் பக்கம்?"னு தண்ணிக் குழாய்கிட்ட வச்சுக் கேட்டாங்க. மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அவ்வளவுதான். கேட்டவங்கள்ல பாதிப் பேரோட பிள்ளைங்க அவர்கிட்ட ஓசியில படிச்சதுங்க. வேன் வந்துச்சு. அவர் செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்கு. எல்லாரும் அதைத் தாண்டித்தான் போறாங்க, வர்றாங்க. ஒருத்தரும் குனிஞ்சு பாக்கல. அவனும்தான்.

அவனுக்கு இருக்கிற பயமெல்லாம் அவன் பொண்டாட்டியைப் பத்தி. சின்ன வயசுக் காய்ச்சல்ல அவளுக்கு ரெண்டு காதும் போச்சு. உதட்டைப் பாத்து, புரிஞ்சுக்கிட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பா. காது கேக்காதுன்னு சொன்னா விட்டுடுவாங்களா? எதிர்வீட்டுத் திக்குவாய்ப் பையனைக்கூட "என்னமா நடிக்கிறான் பாரு"ன்னு சொல்லித்தான் ஏத்தினாங்க.

வீட்டுக்குள்ள வந்ததும் நேரா அவ முன்னால போய் நின்னான். "ஏதாவது பேசு."

அவ ஒரு நிமிஷம் அவனையே பாத்தா. "கல்யாணமான நாள்ல இருந்து இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

வாயும் சத்தமும் ஒட்டித்தான் இருந்துச்சு. அப்பதான் அவனுக்கு மூச்சே வந்துச்சு.

"யாராவது வந்து ஏதாவது கேட்டா சட்டுனு சொல்லிடு. யோசிக்காத."

"நான் என்ன காலிங் பெல்லா, அமுக்கினதும் கத்துறதுக்கு?"

அவன் சிரிக்கல. நாலு பக்கச் சுவத்துக்குள்ள இருந்தும், மேல இருந்தும், கீழ இருந்தும் சீரியலோட பாட்டு ஒரே நேரத்துல கசிஞ்சு வந்து, தரையில புழு ஊர்ற மாதிரி உள்ளங்கால்ல ஊர்ந்துக்கிட்டே இருந்துச்சு. பாட்டு முடிஞ்சுது. எல்லா டிவியும் ஒண்ணா அணைஞ்சுது. கதவுகள் திறந்துச்சு. படியில செருப்புச் சத்தம். நிறைய செருப்பு.

கதவுக்கடியில தெரிஞ்ச வெளிச்சம் மறைஞ்சுது. அவன் கதவைத் திறந்தான்.

செகரட்டரி. தையல்காரர். மாடிவீட்டு நர்ஸம்மா. அவங்களுக்குப் பின்னால படி முழுக்கத் தலைங்க.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். வீட்டம்மாகிட்ட சும்மா ஒரே ஒரு கேள்வி." குரல் இப்போ இன்னும் பின்தங்கி வந்துச்சு.

அவனுக்குள்ள ஏதோ அறுந்துச்சு. "அடையாளமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது நான் பண்ணின தப்பு. குரல் நழுவிடுச்சு, அவ்வளவுதான். அதுக்காய்யா வாத்தியாரை அனுப்பினீங்க?"

யாரும் அசரல. தையல்காரர் வாய் அசைஞ்சு, மூடி, அதுக்கப்புறம் சத்தம். "தப்பா இருந்தா நாங்க அவரைப் புடிச்சுக் கொடுத்திருப்போமா சார்?"

செகரட்டரி அவ பக்கம் திரும்பினாரு. வாய் அசைஞ்சுது. சத்தமே இல்ல.

"இதே தெருதான். வேற எங்க இருந்து வருவேன்?"

பட்டுனு சொல்லிட்டா. அவளுக்கு உதடு போதுமே. அவ சொல்லி முடிச்சதுக்கு அப்புறம்தான் கேள்வி வந்து சேர்ந்துச்சு. "நீ எங்க இருந்தும்மா வந்தே?"

எல்லாரும் சிரிச்சாங்க. நர்ஸம்மா அவ கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாங்க. தப்பிச்சுட்டா. அவன் கதவைப் புடிச்சுக்கிட்டான்.

செகரட்டரி அவன் பக்கம் திரும்பினாரு.

வாய் அசைஞ்சுது. மூடிச்சு.

அவன் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

ஆமான்னு சொல்லலாமா? இல்லன்னு சொல்லலாமா? கேள்வி என்ன?

சமையலறைக் குழாய்ல இருந்து சொட்டு விழுந்துச்சு. சத்தமில்ல. ஃபேன் சுத்துச்சு. சத்தமில்ல. செகரட்டரி சிரிப்பு மெல்ல மெல்ல அணைஞ்சுது. படியில இருந்த எல்லா வாயும் ஒண்ணா அசைஞ்சுது. அதே கேள்வி. எல்லாக் கண்ணும் அவன் வாய் மேல.

சுவத்துல வேனோட செவப்பு வெளிச்சம் சுத்துச்சு.

அவங்க உதட்டைப் படிச்சுட்டு அவ திரும்பினா. முகத்துல ரத்தமே இல்ல. அவன் சட்டையைக் கொத்தா புடிச்சு உலுக்கினா. அவ கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுது. வாய் பெருசா திறந்துச்சு.

சத்தம் இன்னும் வரல.