கதவுக்கு அடியில் நுழையாத ரப்பர்

அக்கா அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டை வாங்க மட்டும் கதவு ஒரு சாண் திறக்கும். உடனே மூடிக்கொள்ளும்.

காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கல்லூரி நுழைவுத்தேர்வில் அவளுக்கு இருநூறுக்கு எழுபத்து நான்கு. நூற்று ஐம்பதுக்கு மேல் வரும் என்று நம்பியிருந்தாள்.

விண்ணப்பம் கொடுக்க இன்று மாலை நான்கு மணிதான் கடைசி. அது எதுவும் எழுதப்படாமல் மேசைமேல் கிடந்தது. அம்மா விடியற்காலையிலேயே மருத்துவமனை வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். சீருடையோடு அந்தக் கதவருகே நின்றார்.

"பாதியில நின்ன லிஃப்டுல இருந்து தினம் யாரையாவது வெளியே எடுக்கறேன். என் பொண்ணை எடுக்க முடியலையே" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"உள்ள மாட்டினவங்ககிட்ட என்னப்பா பேசுவீங்க?" என்று கேட்டாள் வாலு. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கு வீட்டில் அதுதான் பெயர்.

"ஆறுதல் சொன்னா அழுதுடுவாங்க. அதனால ஏதாவது வேலை குடுப்பேன். பட்டன் எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்கம்பேன்."

அப்பா போனதும் வாலு சிறிது நேரம் யோசித்தாள். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு விண்ணப்பத்தின் முன் உட்கார்ந்தாள். பிறந்த தேதி என்ற இடத்தில் தன்னுடையதை எழுதினாள். குடும்பத்தில் எத்தனை பேர்? பதினேழு. விரும்பும் பாடம்? தூக்கம்.

கதவுக்கு அடியில் தள்ளினாள்.

உள்ளே காகிதம் சரசரத்தது.

"ஏய் வாலு! பதினேழு பேரா? நம்ம வீடென்ன சத்திரமா?" அழுது அழுது அக்காவின் குரல் கரகரத்திருந்தது.

"பல்லி, எறும்பெல்லாம் சேர்த்துதான்."

"உன் பிறந்த தேதியை வேற போட்டிருக்கே. பத்து வயசுல எந்தக் காலேஜுல சேத்துப்பாங்க?"

"அப்ப நீயே சரியா போடு."

"ரப்பரைத் தள்ளு."

"போக மாட்டேங்குதுக்கா. ரொம்பக் குண்டு."

தாழ்ப்பாள் விலகியது.

அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன. அறை வாசலிலேயே உட்கார்ந்து, பென்சில் எழுத்தை அழித்து, பேனாவால் ஒவ்வொன்றாகச் சரியாக எழுதினாள். ஒரு கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. மதிப்பெண்.

"இதை மட்டும் ஏன் விட்டுட்டே?"

"அதுல விளையாடத் தோணலக்கா."

அக்காவின் கண்ணீர் சொட்டியது. வாலு விண்ணப்பத்தை மட்டும் நனையாதபடி மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"இந்த மார்க்கைப் பார்த்துட்டு வேணாம்னு சொல்லிட்டா?"

வாலு அக்காவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"தெரியலக்கா. நானும் கூட வரேன்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுபத்து நான்கு என்று எழுதினாள். மற்ற எழுத்துகளைவிட அது சின்னதாக இருந்தது.

கல்லூரி அலுவலகம் ஐந்தாம் மாடியில். இருவரும் லிஃப்டில் ஏறும்போது மணி மூன்றரை. கதவு மூடியது. அக்கா மதிப்பெண் எழுதிய இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடி விண்ணப்பத்தைப் பிடித்திருந்தாள்.

வாலு அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதுல பட்டன் எத்தனை இருக்கு? எண்ணிச் சொல்லேன்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

லிஃப்ட் மேலே ஏறியது.