படுத்தவரை எழுப்பக் கூடாது

"ஷூவோட ஏறாதீங்க சார். விரிப்பு வெள்ளை."

அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவன் குனிந்து லேஸை அவிழ்த்தான். வெளியே மழை வலுத்திருந்தது. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மத்தியான நேரம், மெத்தைக் கடையில் விற்பனைக்கு நின்ற அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. சுவரில் மட்டும் ஒருவன் ஆளுயரப் படமாக நின்றான். கூலிங் கிளாஸ், கழுத்தில் சங்கிலி, உறுமுகிற வாய். ராப் பாடகன் 'இடி'. இந்த மெத்தைக் கம்பெனியின் முதலாளி.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவனும் அவனேதான். சங்கிலியும் கூலிங் கிளாசும் இல்லாததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

கம்பெனியை விற்கக் கையெழுத்துப் போடப் போய்க்கொண்டிருந்தான். கார் நெரிசலில் மாட்டியது, இறங்கி நடந்தான், மழை துரத்தியது, கண்ணில் பட்ட கதவைத் தள்ளினான். தன் கடை என்பதே உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது.

"சும்மா பாக்கத்தான் வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. படுங்க. நான் விளக்கம் சொல்லணும். சொல்லலைன்னா கேமராவுல பாத்துட்டுத் திட்டுவாங்க."

படுத்தான். அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தான். பெரிய கண்கள்... மழை நாளின் ஜன்னல் மாதிரி மங்கி, அசந்துபோன கண்கள். அழகாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே அவற்றுக்கு இல்லை. அதனாலேயோ என்னவோ அவனால் பார்வையை எடுக்க முடியவில்லை.

"நீங்க உக்காரலாமே."

"நல்லா சொன்னீங்க. நாள் பூரா கட்டிலுக்கு நடுவுல நிக்கிறேன். உக்காந்தா சம்பளத்துல கை வைப்பாங்க." சுவரை நோக்கி மோவாயைத் தூக்கினாள். "அவரு போட்ட சட்டம்."

"அவரைப் பிடிக்காதா?"

"அவரு பாட்டு காலைலேர்ந்து ஓடும், நீங்க வரவும்தான் நிறுத்தினேன். மெத்தை விக்கிறவனுக்குத் தூங்கி எழுந்த மூஞ்சி வேண்டாமா? இவரைப் பாருங்க. பல்லுவலிக்காரர் மாதிரி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

அவள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். மேல் அடுக்கு, நடு அடுக்கு, ஸ்பிரிங்... ஏற்ற இறக்கமே இல்லாத குரல். ஓட்டின் மீது பெய்யும் மழை மாதிரி. அவன் கண்ணை மூடினான்.

பாலத்தடியில் வாயாலேயே தாளம் போட்டுப் பாடியவன் அவன். முதல் பாட்டை மொத்தமாக விலைக்குக் கேட்டு ஒருவன் வந்தபோது, "பாட்டை விக்காதடா, சட்டையை வித்துக்கலாம்" என்றாள் அக்கா. சமையலறையிலேயே டீ ஷர்ட்டில் அவன் வரிகளை அச்சடித்தாள். கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் இருவரும் கூவிக்கூவி விற்றார்கள். பாடியதைவிடச் சட்டை அதிகம் சம்பாதித்தது. சட்டைக் காசில் கடை. கடைக் காசில் ஷூ, ஹெட்போன், கடைசியில் மெத்தை. எழுதிய பாட்டு எதையும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆள் தூங்கும்போதும் அது சம்பாதித்தது. அவன்தான் தூங்கவில்லை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விளம்பரப் பாட்டு கேட்டார்கள். போகப் போக அதைத் தவிர வேறு பாட்டு வரவில்லை. பிறகு தூக்கமும் நின்றது.

குரல் தூரத்தில் போனது... நடு அடுக்கு... கீழ் அடுக்கு...

விழித்தபோது மேலே போர்வை இருந்தது. ஷூ இரண்டும் கட்டிலடியில், ஈரம் இழுக்க உள்ளே காகிதம் திணித்து வைக்கப்பட்டிருந்தன.

"எவ்வளவு நேரமா தூங்கறேன்?"

"மழை ரெண்டு தடவை விட்டுப் பெய்ஞ்சாச்சு. போன் விடாம அதிர்ந்துச்சு, அணைச்சுட்டேன்." தலைமாட்டுப் பலகையைக் காட்டினாள். 'படுத்தவரை எழுப்பக் கூடாது.' விளம்பரத்தில் அவனே கத்திய வரி. எல்லாக் கிளையிலும் தொங்கியது.

கதவு படாரென்று திறந்தது. அக்கா. புடவையெல்லாம் நனைந்திருந்தது.

"டேய், எங்கெல்லாம் தேடறது? கடைசியில கடை கேமராவுல பாத்துல்ல கண்டுபிடிச்சேன். கம்பெனியை வாங்க வந்தவங்க உக்காந்து உக்காந்து எழுந்து போயிட்டாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் உண்டுன்னுட்டாங்க." விற்பனைப் பெண் பக்கம் திரும்பினாள். "போனை அணைச்சது நீயா?"

"ஆமா மேடம். தூங்கிட்டிருந்தாரு."

"யாருன்னு தெரியுமா?" அக்கா சுவரைக் காட்டினாள்.

அவள் படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். முகம் சிவந்தது. மூச்சு விடாமல் பாடிப் பேர் வாங்கியவன் போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"முதலாளின்னு சொல்லியிருந்தா அப்பவே எழுப்பியிருப்பேன் சார். சொல்லாம ஆழம் பாத்தீங்க." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றித் தலையணையில் வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"போகட்டும் விடு," அக்கா கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "எப்படியும் வாங்கறவங்க எல்லாக் கடையையும் மூடிட்டு ஆன்லைன்லதான் விக்கப் போறாங்க."

"நான் கையெழுத்துப் போடலக்கா."

"நான் என்ன காசுக்காகவா விக்கச் சொல்றேன்? பாட்டும் வரல, தூக்கமும் வரல... இப்படியே போனா நீ என்னடா ஆவே?"

"இன்னிக்குத் தூங்கினேன்."

அக்கா அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். போர்வை மடிப்பு கன்னத்தில் பதிந்திருந்தது. ஒரு நிமிஷம் சாய்கிறேன் என்று சாய்ந்தாள். சமையலறையில் அச்சடித்த காலத்திலிருந்து சேர்ந்த அசதி... அப்படியே தூங்கிப்போனாள். அவன் போர்வையை இழுத்துவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

எதிரே பஸ் நிறுத்தம். குடைக்குள் அவள். மழை நூல் நூலாக இறங்கியது.

"செருப்பு போட்டுட்டு வர மாட்டீங்களா?" அவன் வெறுங்காலைப் பார்த்துக் கேட்டாள்.

"ஷூவுக்குள்ள பேப்பர் வெச்சிருந்தீங்க. எடுக்க மனசு வரல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கம்பெனி விக்கிறது என்னாச்சு?"

"விக்கல. கடை இருக்கும். வேலையும் இருக்கு. அக்கா உள்ள தூங்கறாங்க, யாரும் எழுப்பக் கூடாது." அட்டையை நீட்டினான். "உக்காரக் கூடாதுங்கற சட்டம் போட்டது யாருன்னு எனக்கே தெரியாது. ஆனா என் பேர்ல நடந்துச்சு. இனிமே கிடையாது. அங்க உங்களுக்காகப் பேசியிருக்கணும்... பேசல. தப்பு."

அவள் அட்டையை வாங்கவில்லை. "என் பேச்சைக் கேட்டுத் தூங்கிட்டீங்க. அவ்வளவு அறுவையா?"

"ஆமா."

கோபமாக ஆரம்பித்த பார்வை பாதியில் சிரிப்பாகிவிட்டது. அந்த அசந்த கண்களில் முதல்முறையாக ஏதோ வெளிச்சம்... அவன் தொண்டையைச் செருமினான்.

"நாளைக்கு வரலாமா? மெத்தை வாங்க இல்ல. தூங்கவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க பேசறதை ஒரு தடவை முழிச்சிருந்து கேக்கணும்."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குடையைக் கொஞ்சம் அவன் பக்கம் சாய்த்தாள்.