ஒன்பதாம் வளைவின் விடை

விடிந்ததும் லாரி கேள்வி கேட்கத் தொடங்கியது. ஆசனூரில் மக்காச்சோள மூட்டைகளை ஏற்றித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுக் கோகிலவாணி கேபினில் அமர்ந்திருந்தாள். நாளின் முதற்கேள்விகள் மூன்றையும் முடிக்காமல் எந்தச் சுமையுந்தும் திம்பம் மலைப்பாதையில் சக்கரத்தை உருட்டாது.

"வளைவில் மான் நிற்கிறது. பின்னால் பேருந்து வருகிறது. என்ன செய்ய?"

"பஸ் எத்தனை தூரத்துல வருது?"

"பதினைந்து மீட்டர்."

"ஹாரன் அடி. வேகத்தக் கொஞ்சங்கொஞ்சமாக் கொற. பட்டுனு நிக்காத." பதினைந்து மீட்டரை மனத்துக்குள் அளந்து பார்த்தாள். "அப்பவும் மான் நகரலைன்னா, அது மேல ஏறிப் போ."

பக்கத்து இருக்கையில் அர்த்தனாரி சிரித்தார். வண்டியை அவளுக்கு விற்பவர் அவர்தாம். "ஒரு மானுக்கு இத்தன ரோசனையா அம்மிணி? நாங்கெல்லாம் 'முன்போல'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருவோம்."

"உங்களுக்குப் பழகிப்போச்சுங்ணா. எனக்கு இன்னைக்குத்தானே மொத நாளு."

சுமையுந்துகளை ஓட்டுநருக்குப் பதில் தானோட்டிக் கருவி இயக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஸ்டீயரிங் இருந்த இடத்தில் இப்போது ஒரு கண்ணாடிப் பலகை மட்டுமே உண்டு. ஆயினும் எந்த உயிரைக் காப்பது, எதை இழப்பது என்று முடிவு செய்யும் இயந்திரத்துக்கு நிறுவனம் உடைமையாளராக இருக்கலாகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனத்துக்கு நெஞ்சு இல்லை என்பதே அதன் காரணம். ஆகவே ஒரு வண்டிக்கு ஒரு மனிதர். அவர் கேபினில் இருந்தாக வேண்டும். அவர் அளிக்கும் விடைகள் அனைத்தும் வண்டியின் நெஞ்சகத்தில் சேரும்.

காலை விடையை மறுநாள் காலையில் மாற்றிக்கொள்ளலாம். சாலையில், உண்மையான இடரின் நடுவே, மூன்று நொடிக்குள் அளிக்கும் விடையை மாற்ற இயலாது. அதற்கு நிகழ்விடை என்று பெயர்.

கோகிலவாணி பன்னிரண்டு ஆண்டுகள் பிறர் வண்டிகளில் துணையாளாக இருந்தவள். டயர் பார்த்தாள், கயிறு கட்டினாள். அவளிடம் எந்த வண்டியும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. புதிய வண்டி வெறும் நெஞ்சகத்தோடு வரும். ஈராண்டு சமவெளியில் ஓடிப் பழகிய பின்னரே அதற்கு மலை பர்மிட் கிடைக்கும். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு முதல் மலை பர்மிட் தருவதில்லை. அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. பழைய வண்டியை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை.

பழைய வண்டி, விற்றவரின் நெஞ்சகத்தோடு வரும். 'ஏற்பு' என்று கையொப்பமிட்டால் அன்றே பர்மிட் உண்டு. பழைய விடைகள் யாவும் வாங்கியவருடையவை ஆகிவிடும். 'துடைப்பு' என்றால் விடைகள் விற்றவரின் பெயருக்கே திரும்பும். வண்டி பிறந்த குழந்தையாகிவிடும். கையொப்பத்துக்கு முன், விற்பவர் வாங்குபவரோடு ஒரு மலை இறங்கித் தர வேண்டும் என்பது லாரிக்காரர்களின் வழக்கம். கூட்டிறக்கம் என்பார்கள். அர்த்தனாரி அதற்காகவே வந்திருந்தார்.

இரண்டாம் கேள்வியும் முடிந்தது. மூன்றாவதில் வண்டி விடைக்காகக் காத்திருக்கவில்லை.

"வளைவில் ஒருவர் நடந்து செல்கிறார். வலப்புறம் மலைச்சுவர். உரசினால் வண்டி கவிழலாம். இதற்கு நிகழ்விடை உண்டு. கேள்விகள் முடிந்தன."

அவள் அர்த்தனாரியைப் பார்த்தாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது.

மேலே இருபத்தேழாம் வளைவில் தொடங்கி ஒவ்வொன்றாக வண்டி இறங்கிற்று. ஒன்பதாம் வளைவின் பலகை தெரிந்தபோது அர்த்தனாரி தொண்டையைச் செருமினார்.

"இங்கதான் அம்மிணி. ஆறு வருசமாச்சு. இதே சோளப் பாரம், நல்ல பனி. நான் மககிட்டப் போன்ல பேசிட்டிருந்தேன். வண்டி என்னமோ கேட்டுச்சு, காலைல கேக்கற அதே கொரல்ல. நான் 'முன்போல'ன்னுட்டேன்."

"முன்ன என்ன சொல்லி வெச்சிருந்தீங்க?"

"எந்தக் காலைலன்னே நெனப்பில்ல. டீ ஆறுதுன்னு, வண்டியக் காப்பாத்துன்னு சொல்லியிருப்பேன்." அவர் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்தார். "மாடு ஓட்டிட்டுப் போனவன் மேல வண்டி ஏறிருச்சு, செத்துட்டான். மாதன்னு பேரு. கேள்வி தெளிவா இருக்குது, பதிலும் தெளிவா இருக்குது, தன் உசுரக் காத்துக்கறது குத்தமில்லைன்னு கோர்ட்டுல விட்டுட்டாங்க. நான் கேள்வியவே காதுல வாங்கலைன்னு அங்க யாருக்குந் தெரியாது."

கோகிலவாணி பலகையைப் பார்த்துக் கேட்டாள். "அந்தப் பதில நான் மாத்தலாமா?"

"இயலாது. அந்நிலை மீண்டும் வந்தால் உங்களிடம் கேட்கப்பட மாட்டாது."

எட்டாம் வளைவும் ஏழாம் வளைவும் கடந்தன.

"கீழ போயிக் கையெழுத்தாயிட்டா அந்தப் பதிலு உங்கள விட்டுப் போயிருமில்லீங்ணா. எதுக்கு இப்பச் சொல்றீங்க?"

"வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் வண்டில ஏறுனேன். அந்த மானுக்கு நீ ரோசிச்சதக் கேக்காம இருந்திருக்கோணும்."

பண்ணாரிப் பதிவு நிலையத்தில் ஜெசிந்தா என்னும் இளம் பதிவாளர் கண்ணாடிக்கு அப்பால் இருந்தாள். ஏற்புப் படிவத்தை அவளாகவே எடுத்து முன்னே நகர்த்தினாள்.

"தொடைப்புப் படிவம் இருக்குங்களா?" என்றாள் கோகிலவாணி.

"இருக்கு. தேடணும்." ஜெசிந்தா அவளுடைய பிறந்த தேதியைப் பார்த்தாள். "அக்கா, தொடைச்சா உங்களுக்கு மலையே கெடையாது. ரெண்டு வருசம் கழிச்சு வயசு தாண்டி வந்து மனுக் குடுத்தா வாங்கறதுக்கு ஆளில்ல."

"இதுவரைக்கும் யாராச்சும் தொடைச்சிருக்காங்களா?"

"நான் வந்து ஏழு வருசம். ஒருத்தரும் இல்ல. நாலு கை மாறுன வண்டியெல்லாம் மலைல ஓடுது. மொத ஓனரு செத்தே போயிருப்பாரு, அவரு சொன்ன பதில் ஓடிட்டிருக்கும்."

கோகிலவாணி மலையைத் திரும்பிப் பார்த்தாள். மேலே மூன்று வண்டிகள் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த மலைக்காகவே கயிறு கட்டியிருந்தாள். ஏற்பில் ஒரு கையொப்பமிட்டால் மலை அவளுடையது, அர்த்தனாரியும் தூங்குவார். இருவரில் எவருக்கும் நட்டமில்லை. நட்டப்படப் போகிறவன் இந்த அறையில் இல்லை.

"தேடுங்க, நான் நிக்கிறேன்" என்றாள்.

படிவத்தின் அடியில், விடைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று விற்பவரும் ஒப்பமிட வேண்டும். அர்த்தனாரி அதை இரண்டு முறை படித்தார்.

"என்னைய நெனச்சுப் பாத்தியா அம்மிணி?"

"பாத்தேனுங்ணா. பாத்துட்டுத்தான்."

அவர் ஒப்பமிட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, சத்தியமங்கலம் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்து போனார்.

துடைத்து முடிய அரை மணி நேரம் ஆயிற்று. பின்னர் சமவெளிச் சாலையில் வண்டி ஒவ்வொன்றைப் பற்றியும் நின்று நின்று கேட்டது. புளியமரத்தின் நிழலைக் கேட்டது. காற்றில் பறந்த காகிதத்தைக் கேட்டது. பின்னால் வந்த லாரியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "ஏக்கா, சாமி ஊர்வலமா? மேளத்தக் காணோம்?" என்று கத்திவிட்டு முந்திப் போனார்.

"முன்னே ஒருவர் நடந்து செல்கிறார். என்ன செய்ய?"

தலையில் விறகுக் கட்டோடு ஒரு முதியவர் சாலையின் ஓரத்தில் போய்க்கொண்டிருந்தார்.

"நில்லு. அவரு போகட்டும்."

வண்டி நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரத்தின் ஒலி அருகே கேட்டதுமே முட்புதருக்குள் இறங்கி, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, லாரி கடந்து செல்லக் காத்து நின்றார். வண்டி அவருக்காகக் காத்து நின்றது. அவரும் அசையவில்லை, வண்டியும் அசையவில்லை. முடிவில் கோகிலவாணி கேபினை விட்டு இறங்கி, அவர் அருகே சென்று, "நீங்க போங்கய்யா, நாங்க நிக்கிறோம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.