மூன்றாம் நிலையத்தின் பதில்

கதை எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர்கள் முதற்கண் பொறுத்தருள வேண்டும். இதற்கு முன் இந்தக் கை கதை எழுதியதில்லை. ஆயினும் மரக்காணத்து உப்பளத்தில் நடந்ததை மனத்திலேயே வைத்துக்கொண்டிருக்க இயலவில்லை.

2005 நவம்பர். மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள் காலையில் ரேடியோ இயக்கும் சகாயசெல்வி உப்பள அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். சுனாமிக்குப் பின் அமைத்த ஹாம் ரேடியோ வலையில் அது முதல் நிலையம். தொலைபேசி செத்துப்போனாலும், கணினியில் தட்டிய செய்தியைப் பேட்டரியில் ஓடும் ரேடியோ அடுத்த நிலையத்துக்குக் கடத்தும். 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும். வந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும்.

இரண்டாம் நிலையம் எக்கியார்குப்பம். மூன்றாவதைப் பம்ப் கொட்டகையில் தேசப்பன் நடத்தினான். ஆடி மாதம் ஆன்டெனா கம்பத்திலிருந்து விழுந்து இறந்தான். பேட்டரி கழற்றி, ஒயர் அறுத்த அவனுடைய ரேடியோப் பெட்டி இப்போது அவளுடைய மேசைக்கடியில் கிடந்தது. அதிலிருந்து ஈர உப்பின் வாடை இன்னும் வந்துகொண்டிருந்தது.

சன்னலுக்கு வெளியே, தொலைவில், ஓர் உப்புக் குவியல். மழை கரைக்காமல் அதைக் கீற்றுப் போட்டு மூடப் போன பதினோரு பேர் அதன் மேல் நின்றார்கள். மேஸ்திரி சகாதேவனின் மனைவி அம்சவள்ளியும் அவர்களுள் ஒருத்தி. வரப்பில் இடுப்பளவுத் தண்ணீர்.

"ஏம்மா செல்வி, இந்த டப்பால உங்க மாதாகிட்டயே நேரா பேசலாமா?" என்றான் சகாதேவன். சிரிக்கத்தான் முயன்றான்.

"குப்பத்துக்குப் போனா போதும்ண்ணா."

'உப்புக் குவியல் மேல் பதினோரு பேர். படகு தேவை' என்று தட்டினாள். கையை எடுப்பதற்குள் பதில் வந்தது:

'கிடைத்தது. படகு வருது. கவலைப்படாதீங்க.'

"போட் வருதுண்ணா!"

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. அலுவலக வாசல் கம்பத்தில் சிவப்புத் துணி ஏறினால் எல்லாரும் கரைக்கு வர வேண்டும். வெள்ளை ஏறினால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சகாதேவன் வெள்ளையை ஏற்றினான். வரப்பில் இறங்கத் தொடங்கியிருந்த அம்சவள்ளி அதைப் பார்த்துவிட்டு மறுபடி குவியலில் ஏறினாள்.

ஒரு மணி நேரம் போயிற்று. படகு வரவில்லை.

இரண்டு மணி நேரம். வரப்பு மறைந்தது.

"குவியல் சின்னதாவுது செல்வி."

நின்ற இடமே கரைந்துகொண்டிருந்தது. கீற்றுகள் மட்டும் மிதந்தன.

சகாயசெல்வி திரையைத் திரும்பப் பார்த்தாள். 'கிடைத்தது' என்பதை மட்டுமே வாசித்திருந்தாள். அனுப்பிய நிலையத்தின் எண்ணைப் பார்க்கவில்லை.

மூன்று.

எந்தச் செய்திக்கும் கடைசியில் 'கவலைப்படாதீங்க' என்று சேர்ப்பது தேசப்பனின் பழக்கம்.

அவள் குனிந்தாள். மேசைக்கடியில், பேட்டரியில்லாத பெட்டியில், பச்சை விளக்கு எரிந்தது.

எக்கியார்குப்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் அனுப்பினாள். 'கிடைத்தது.' ரேடியோ நின்றது. மீண்டும் அனுப்பினாள். 'கிடைத்தது.' நின்றது. குப்பத்துக்கு முந்தி மேசைக்கடிப் பெட்டியே பதில் சொல்லிவிட்டது; ஒரு செய்திகூட அறையைவிட்டு வெளியே போகவில்லை.

"யாருக்கும் போவலண்ணா..." என்று முணுமுணுத்தாள்.

சகாதேவன் மழையில் இறங்கினான். எக்கியார்குப்பத்துக்கு ஓடினான். படகோடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கீற்றுக் கட்டைப் பிடித்து மிதந்த நால்வர் கிடைத்தார்கள்.

மறுநாள் காலையில் ஐந்து உடல்கள் ஒதுங்கின. இன்னும் இருவரைக் காணோம். அம்சவள்ளி அவ்விருவரில் ஒருத்தி. "எங்கயாச்சும் கரையேறியிருப்பா," என்று சகாதேவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சகாயசெல்வி அந்தப் பெட்டியைத் தூக்கி வாசலில் மழையில் வைத்தாள். உள்ளே வந்து பார்த்தபோது, எதுவும் தட்டாத திரையில் ஒரு வரி இருந்தது.

'ஏழு பேரும் இங்க வந்து சேர்ந்துட்டாங்க. கவலைப்படாதீங்க.'

அவள் அதைச் சகாதேவனிடம் காட்டவில்லை. மாலையில் மற்ற இருவரும் ஒதுங்கினார்கள்.

அந்த மழையில் இழந்தவை: பெண்கள் ஐவர், ஆண்கள் இருவர். உப்புக் குவியல் ஒன்று. கீற்று நாற்பது கட்டு. கம்பத்து வெள்ளைத் துணி ஒன்று.